அந்தப் படத்தில் இருப்பது தாய்க்கப்பல்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்கட்கு,

போன ஞாயிறு உங்கள் பத்திரிகையில் சிறுவர்களையும் கொம்பியூட்டர் விளையாட்டுகளையும் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். கட்டுரையின் சரி பிழை ஒருபக்கம் கிடக்கட்டும். அதோடு போட்டிருந்த படத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். இருண்ட ஆகாயத்தில், நிமிர்த்திப் பிடித்த வாழைப்பழம் மாதிரி ஒரு கப்பல். கீழே, பிள்ளைகளைக் கொலைக்குப் பழக்கும் விண்வெளிப் போர்க்கப்பல் என்று அச்சடித்திருந்தீர்கள். அந்தக் கப்பலை எனக்குத் தெரியும். நாலு மாதமாகப் பின்னேரங்களில் அதோடு பழகியவன் நான்.

நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானில் உழவு இயந்திரமும் நீர் இறைக்கும் மெசினும் திருத்துகிறவன். வயது 66. முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிறவர்களில், ஒரு தரமாவது லான்ட்மாஸ்ரரை என் கொட்டிலுக்குத் தள்ளிக்கொண்டு வராதவர்கள் குறைவு. ஸ்பானரில் பொறித்திருக்கிற அளவுக்குத்தான் எனக்கு ஆங்கிலம். ஆகவே கீழே எழுதுவதெல்லாம் என் பேத்தி திரையைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொன்னவை. அவள் 10ஆம் தரம் படிக்கிறாள்.

விளையாட்டின் பெயர் ஹோம்வேர்ல்ட். 1999இல் கனடாவில், வன்கூவர் நகரத்தில், ரெலிக் என்ற நிறுவனம் செய்தது. எங்களுக்கு அந்த சீடியை அனுப்பியவன் என் தங்கச்சியின் மகன். 2010 ஆவணியில் சன் சீ என்ற அகதிக் கப்பலில் போய், வன்கூவர் இருக்கிற அதே பிரிட்டிஷ் கொலம்பியாக் கரையில் இறங்கின 492 பேரில் அவனும் ஒருவன். அவனால் இங்கே வர முடியாது. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வந்த ஒருவரிடம் ஒரு சோடிச் சப்பாத்து, கொஞ்சம் சொக்லேட், எனக்கு ஒரு சவரப்பெட்டி, இந்த சீடி எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிட்டிருந்தான். "மாமா, நாங்கள் போய் இறங்கின பக்கத்திலதான் இதைச் செய்தவங்கள். கப்பல் கதை. பிள்ளை விளையாடட்டும்" என்று போனில் சொன்னான். எங்கள் சனசமூக நிலையத்தில் ஒரு பழைய கொம்பியூட்டர் கிடக்கிறது. புது விளையாட்டு எதுவும் அதில் ஓடாது. இது ஓடியது.

முதல் நாள் நான் அவளை ஏசினேன். வேலை முடிந்து நிலையத்தடிக்குப் போனால் உள்ளே வெடிச் சத்தம். "என்ன பிள்ளை உது? சண்டைப் படம் பார்க்கவோ இஞ்ச வாறனி?" என்றேன். அவள் திரும்பியும் பார்க்கவில்லை. "சண்டைக் கப்பல் இல்லை அம்மப்பா. இதுக்குள்ள ஆறு லட்சம் சனம் நித்திரை. சத்தம் போடாதேங்கோ" என்றாள். அந்தக் கடைசி வார்த்தையில்தான் நான் பக்கத்தில் குந்தினேன்.

கதை இதுதான். கராக் என்று மணல் மூடின ஒரு கிரகம். அங்கே இருக்கிற சனம் தாங்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்பதையே மறந்துபோன சனம். நூறு வருசத்துக்கு முன்னர் ஒரு செயற்கைக்கோள் பாலைவன மணலுக்குக் கீழே எதையோ காண்கிறது. போய்த் தோண்டினால் பழைய கப்பல் ஒன்று. அதற்குள் ஒரு கல். கல்லில் வான வரைபடமும் ஒரே ஒரு சொல்லும். ஹிகாரா. எங்கள் வீடு என்று அர்த்தமாம். தங்களுக்குள் அடிபட்டுக்கொண்டிருந்த குலங்கள் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்காக ஒன்றாகின்றன. 60 வருசம் பாடுபட்டு ஒரு கப்பல் கட்டுகிறார்கள். அதுதான் நீங்கள் படம் போட்ட கப்பல். தாய்க்கப்பல் என்றுதான் அதன் பெயரே.

இந்த இடத்தில் கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மணலில் கப்பல் என்றதும் எனக்கு ஃபாரா 3 ஞாபகம் வந்தது. 2006 மார்கழியில் இந்தியாவிலிருந்து தென்னாபிரிக்காவுக்கு அரிசி ஏற்றிப்போன ஜோர்தான் கப்பல், இயந்திரம் பழுதாகி முல்லைத்தீவுக் கடலில் கரை தட்டியது. யுத்தம் முடிந்து ஊருக்குத் திரும்பிய பிறகு நான் முள்ளிவாய்க்கால் கரைக்குப் போய் அதைப் பார்த்திருக்கிறேன். தெற்கிலிருந்து பஸ்ஸில் வந்த ஆட்கள் அதற்கு முன்னால் நின்று படம் எடுத்தார்கள். நான் அதன் துருவைத் தொட்டுப் பார்த்தேன். இவ்வளவு பெரிய இயந்திரம் நின்றுபோனால் யார் வந்து திருத்துவது என்றுதான் அப்போது யோசித்தேன். தொழில்புத்தி. பிறகு அதை வெட்டி இரும்பாகக் கொண்டுபோய்விட்டார்கள். அதற்குள் எந்தக் கல்லும் இருந்ததாகக் கேள்வியில்லை. பேத்தியிடம் இதைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "ஆர் பாத்தது?" என்று கேட்டாள்.

இனிக் கப்பலுக்கு வருவோம். அதை ஓட்டுகிறவரின் பெயர் கரன். எங்களூர்ப் பெயர் மாதிரி இருக்கிறதே, ஆம்பிளை என்று நினைத்துவிட்டேன். இல்லை, பெண். விஞ்ஞானி. இவ்வளவு பெரிய கப்பலை ஆட்கள் நின்று ஓட்ட முடியாது என்று தன் உடம்பையே கப்பலோடு பொருத்திக்கொள்கிறாள். கப்பலுக்குக் காயம் என்றால் அவளுக்கும் காயம். விளையாடுகிற பிள்ளைக்குக் கேட்கிற கட்டளைக் குரல் அவளுடையது. அந்தக் குரலில் கத்தல் இல்லை. எங்கள் ஆஸ்பத்திரி மிஸ்மார் இராத்திரிக் கடமையில் கதைக்கிற மாதிரி இருக்கும்.

கப்பலை வெள்ளோட்டம் விடுகிறார்கள். ஒரே தாவலில் அடுத்த இடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புவதாகத் திட்டம். திரும்பி வந்தால் கராக் எரிந்துகொண்டிருக்கிறது. முழுக் கிரகமும். இப்படித் தாவும் பொறியை அவர்கள் செய்யவே கூடாது என்று 4000 வருசத்துக்கு முந்திய ஒரு ஒப்பந்தம் இருந்ததாம். அந்தச் சனத்தில் ஒருவருக்கும் அது தெரியாது. தெரியாத ஒப்பந்தத்தை மீறியதற்காக எதிரிகள் அவ்வளவு பேரையும் எரித்துவிட்டார்கள்.

அந்த நேரம் அந்த விளையாட்டில் சண்டைப் பாட்டு இல்லை. பலபேர் சேர்ந்து கோயிலில் பாடுகிற மாதிரி ஒரு மெதுவான பாட்டு. மிச்சம் இருப்பது ஆகாயத்தில் மிதக்கிற ஆறு பெட்டிகள். கப்பலில் ஏற்றுவதற்காக உறைய வைத்துத் தூங்கப் பண்ணின சனம் அவற்றுக்குள். திரையில் ட்ரே என்று வருகிறதாம், பேத்தி அதைத் தட்டம் என்று சொன்னாள். வெற்றிலைத் தட்டம் சொல்கிறோமே, அந்தத் தட்டம். எதிரிக் கப்பல்கள் அந்தத் தட்டங்களைச் சுட்டுக்கொண்டிருக்கின்றன. அவள் தன் கப்பல்களைக் குறுக்கே விட்டு ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு வந்தாள். முதல் தரம் ஒன்று போய்விட்டது. எலியைக் கீழே வைத்துவிட்டு, கொம்பியூட்டர் எலியைத்தான் சொல்கிறேன், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள்.

நான் எழும்பி வெளியில் போய் சைக்கிளுக்குக் காற்று அடித்தேன். காற்று இருந்த சைக்கிள்தான்.

ஆசிரியர் அவர்களே, 2009 தை மாதம் தொடக்கம் என் உழவு இயந்திரப் பெட்டியில் மூன்று குடும்பம் இருந்தது. ஒட்டுசுட்டானிலிருந்து புதுக்குடியிருப்பு, தேவிபுரம், இரணைப்பாலை, மாத்தளன். வெல்டிங் பிளான்டை முதல் இடத்திலேயே இறக்கிவிட்டேன். நெல் மூட்டை இரண்டாவது இடத்தில். இரணைப்பாலையில் பெட்டியையே கழற்றி விட்டுவிட்டோம். அதற்குப் பிறகு நடந்ததை இந்தக் கடிதத்தில் எழுத வரவில்லை. பேத்தி அப்போது பிறக்கவும் இல்லை. அவளுக்கு நாங்கள் அதிகம் சொன்னதும் இல்லை. அந்தத் தட்டங்களை அவள் இழுத்த விதத்தைப் பார்த்தபோது, சொல்லாமலே ஏதோ போய்ச் சேர்ந்திருக்கிறது என்று பட்டது.

உங்கள் கட்டுரையாளருக்கு நான் முழுக்கப் பிழை சொல்ல மாட்டேன். தாய்க்கப்பல் முன்னுக்கு நின்று அடிக்கிற கப்பல் இல்லை, அது அழிந்தால் விளையாட்டே முடிந்தது. ஆனால் அதன் வயிற்றிலிருந்து வருபவை சண்டைக் கப்பல்கள்தான். சுடத்தான் செய்கின்றன. எங்கள் ஊரில் ஒரு பிள்ளை வெடிச் சத்தத்துக்கு முன்னால் இருந்தால் பெரியவர்களுக்கு நெஞ்சு பதைக்கத்தான் செய்யும், பதைக்கவும் வேண்டும். நானே முதல் நாள் கத்தினவன். எனக்குக் கோபம் வேறொன்றில். கட்டுரை எழுதியவர் அந்தக் கப்பல் என்ன வேலை செய்கிறது என்று ஒரு பின்னேரம் கூட இருந்து பார்த்ததாகத் தெரியவில்லை. மெசின் ஓடாவிட்டால் நான் கவரைக் கழற்றிப் பார்க்காமல் பிஸ்டன் போய்விட்டது என்று சொல்வதில்லை.

கழற்றிப் பார்த்தால் தெரியும், அது ஒரு பட்டறை. கல்லுத் துண்டுகளிலும் தூசிப் படலத்திலும் மூலப்பொருள் சேர்த்துக்கொண்டு வர அதற்கென்று தனிக் கப்பல்கள் உண்டு. கொண்டுவந்ததை வைத்துத்தான் கப்பலுக்குள்ளேயே எல்லாம் செய்கிறார்கள். வெளியிலிருந்து ஒன்றும் வராது. பென்டுசி என்று ஒரு வியாபாரக் கூட்டம் இடைக்கிடை வந்து கொஞ்சம் விற்கும், அவ்வளவுதான். பேத்தி சண்டை தொடங்கினால் முதலில் பார்ப்பது அந்தச் சேகரிக்கிற கப்பல்களைத்தான். அவை போனால் மற்ற எல்லாம் இருந்தும் பிரயோசனம் இல்லை என்று நாலாம் நாளே பிடித்துவிட்டாள். வயல் செய்கிற வீட்டுப் பிள்ளை.

எனக்குப் பிடித்தது வேறொன்று. சல்வேஜ் கொர்வெட் என்று ஒரு சின்னக் கப்பல். அதில் துவக்கே கிடையாது. அதன் வேலை ஒட்டிப் பிடித்து இழுத்து வருவது. நிலைகெட்டு நிற்கிற எங்களுடைய கப்பலையும் இழுக்கும், எதிரியின் கப்பலையும் இழுக்கும். பெரிய கப்பல் என்றால் இரண்டு மூன்று சேர்ந்து போக வேண்டும், எறும்பு வண்டைக் கொண்டுபோகிற மாதிரி. இழுத்து வந்து தாய்க்கப்பலில் சேர்த்தால் எதிரியின் கப்பல் எங்களுடையதாகிவிடும். இதைக் கண்டுபிடித்த பிறகு பேத்தி சுட்டு அழிப்பதைக் குறைத்துவிட்டாள். அழித்தால் ஒன்றும் மிஞ்சாது, இழுத்து வந்தால் ஒரு கப்பல் மிச்சம் என்பது அவளுடைய கணக்கு. மீள்குடியேறின காலத்தில் நான் எத்தனை உடைந்த மெசினிலிருந்து ஒரு ஓடுகிற மெசின் செய்தேன் என்று கேட்டால், மூன்றுக்கு ஒன்று. சில நேரம் நாலுக்கு ஒன்று.

அதைவிட இன்னொன்று உண்டு. இந்தப் பழைய விளையாட்டில் சின்னக் கப்பல்களுக்கு எரிபொருள் தீர்ந்துபோகும். தூரத்துக்கு அனுப்பினால் திரும்பி வருவதற்கும் எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்து அனுப்ப வேண்டும். 2015இல் இதைப் புதுக்கி வெளியிட்டபோது அந்த எரிபொருள் கணக்கை எடுத்துவிட்டார்கள் என்று சீடி அனுப்பிய மருமகன் சொன்னான். எனக்கு அது பிடிக்கவில்லை. எண்ணெய் முடியாத வண்டியை ஓட்டுவதில் என்ன இருக்கிறது? தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் மோட்டார் சைக்கிளுக்குச் சின்னப் போத்தலில் நாலு துளி பெற்றோல் காட்டி ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடினவர்கள் நாங்கள். ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள். 2022இல் கொழும்பே பெற்றோல் வரிசையில் நின்றபோது வன்னியில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. கனடாக்காரர் 1999இல் அந்தக் கணக்கை வைத்துச் செய்தார்களே என்று எனக்கு அவர்கள்மேல் ஒரு மதிப்பு. பிறகு ஏன் எடுத்தார்களோ.

ஒரு இடம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை, அதையும் மறைக்கக் கூடாது. கராக்கை எரித்தவர்களின் கப்பல் ஒன்றைப் பிடித்து, அதில் இருந்தவனை விசாரிக்கிறார்கள். ஒப்பந்தக் கதை அவன் வாயிலிருந்துதான் வருகிறது. விசாரணையில் அவன் உயிர் தப்பவில்லை என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்து போகிறார்கள். பேத்தி அதை மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "என்னெண்டு செத்தவன்?" என்று கேட்டேன். "அதில போடேல்லை அம்மப்பா" என்றாள். இந்தப் பிரதேசத்தில் அந்த வரியை அப்படிக் கடந்து போக முடியாது. உங்கள் கட்டுரையாளர் இதைப் பிடித்து எழுதியிருந்தால் நான் கையெழுத்துப் போட்டிருப்பேன். அவருக்கு இது தெரியவே தெரியாது.

இன்னொரு விசயம், இதை நான் இரண்டு கிழமைக்குப் பிறகுதான் கவனித்தேன். விளையாட்டைத் தொடங்கும்போது குஷான், தைடான் என்று இரண்டு கூட்டத்தில் ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்கிறது. பேத்தி முதலில் குஷான் எடுத்தாள், அப்போது வீட்டை எரித்தவர்கள் தைடான். பக்கத்து வீட்டுப் பெடியன் தைடான் எடுத்துத் தொடங்கினான். கதை அதே கதை. கப்பல்களின் வடிவம்தான் மாறியது. போன தரம் எரித்தவர்களுடைய கப்பல்களில் இந்தத் தரம் வீடு இழந்த சனம் இருக்கிறது. செய்தவர்கள் இதை யோசித்துத்தான் வைத்தார்களோ, படம் கீறுகிற வேலை மிச்சம் என்று வைத்தார்களோ, எனக்கென்ன. இரண்டு பிள்ளைகளும் அதைப் பற்றி நிலையத்துத் திண்ணையில் ஒரு மணித்தியாலம் கதைத்தார்கள். நான் கார்புரேட்டர் ஒன்றைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். கொலைக்குப் பழகுகிற பிள்ளைகள் இப்படிக் கதைக்க நான் கேட்டதில்லை.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் பத்திரிகை ஞாயிற்றுக்கிழமை வந்தது. செவ்வாய்க்கிழமை நிலையத்தில் பொறுப்பான ஒருவர் அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்து விளையாட்டைக் கொம்பியூட்டரிலிருந்து அழித்துவிட்டார். அவரில் எனக்குக் கோபம் இல்லை, நல்ல மனிசன், ஊர்ப்பிள்ளைகள் கெட்டுப்போகக் கூடாது என்று நினைத்தார். ஆனால் இந்த விளையாட்டில் ஒரு கட்டத்தில் மிஞ்சுகிற கப்பல்களோடுதான் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும். இழந்தது இழந்ததுதான், புதுக் கட்டம் என்று யாரும் நிரப்பித் தர மாட்டார்கள். நாலு மாதமாக அவள் ஒவ்வொன்றாகக் காப்பாற்றிச் சேர்த்த கப்பல்கள் ஒரு கொப்பியில் எழுதியிருக்கின்றன. எது எங்கே இழுத்து வந்தது, எது எத்தனை தரம் அடிபட்டுத் திருத்தியது என்று. நான் என் கொட்டிலில் வைத்திருக்கிற வேலைக் கொப்பியைப் பார்த்துத்தான் அப்படி எழுதப் பழகியிருக்கிறாள். கொப்பி இருக்கிறது. கப்பல்கள் இல்லை.

அவள் அழவில்லை. "திரும்பவும் முதல்ல இருந்து தொடங்கலாம்" என்றாள். அப்படிச் சொல்லத் தெரிந்ததுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஆகவே உங்களிடம் கேட்பது, படத்துக்குக் கீழே போட்ட வரியைத் திருத்தி ஒரு சின்ன இடத்தில் போடுங்கள். கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லவில்லை. அது தாய்க்கப்பல், ஆறு லட்சம் பேர் தூங்குகிற கப்பல் என்று இரண்டு வரி போதும். அந்த இரண்டு வரியை வெட்டிக்கொண்டுபோய் நிலையத்தில் காட்டினால் திரும்பப் போட்டுத் தருவார்கள். அச்சடித்த தாளை நம்பி அழித்தவர்கள், அச்சடித்த தாளை நம்பிப் போடவும் செய்வார்கள்.

முடிவு எப்படி என்று மருமகனிடம் போனில் கேட்டு வைத்திருக்கிறேன், பேத்திக்குச் சொல்லவில்லை. கடைசியில் ஹிகாராவுக்குப் போய்ச் சேருகிறார்கள். மற்றச் சனம் முழுவதையும் இறக்கின பிறகுதான் தான் இறங்குவேன் என்று கரன் நிற்கிறாளாம். கடைசி ஆளாக அவள் மண்ணில் கால் வைக்கிறாள். பெட்டி நிறையச் சனம் ஏற்றி ஓடின எவனுக்கும் அது விளங்கும். பேத்தி அதைத் தானாகப் போய்ப் பார்க்கட்டும். சீடி என்னிடம்தான் இருக்கிறது, பிஸ்கற் பேணியில், நட்டுகளோடு.

இப்படிக்கு,
ஒரு பழைய மெக்கானிக்,
ஒட்டுசுட்டான்.